நோய்க்கிருமிகளும் நம் உடலின் இரும்பும்

வெள்ளை வேட்டியொன்று தறியிலிருந்து இறங்கும்போது அதன் ஓரத்தில் செந்நிறக் கறை காணப்படுமாயின், அஃது எதனால் வந்தது என்று நெசவாளர் எவரும் கேட்கமாட்டார். ஈரம் பட்ட ஆணியோ கம்பியோ துணியோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. துரு இழையில் ஏறிவிட்டது. அக்கறை தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகாது. சவுக்காரம் இட்டுத் தேய்த்தாலும் போகாது. எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்து, சிறிது உப்பிட்டு, வெயிலில் வைத்துப் பின்னர் அலசினால் கரைந்து நீங்கும். நீரில் கரையாத துரு எலுமிச்சைச் சாற்றில் மட்டும் கரைவது ஏன்? சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலம் இரும்பின் அணுக்களை இடுக்கி போற் பற்றித் தன்னோடு கரைசலுக்குள் இழுத்து வந்துவிடுகிறது.

இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் இம்மாதப் பாடம் எளிதில் விளங்கும். நம் உடம்பில் புகும் நோய்க்கிருமிகளுக்கு இரும்பு வேண்டும். நம் உடம்போ தன் இரும்பு முழுவதையும் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டிய இரும்பைக் கிருமிகள் எவ்வாறு பெறுகின்றன, உடம்பு அதனை எவ்வாறு தடுக்கின்றது என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

இஃது ஆராய்ச்சிக் கூடத்தாருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. நம் வீடுகளில் இரத்த சோகை மிகுதி. 2019 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையோர் எனத் தெரிய வந்தது. ஆதலின் இரும்புச் சத்து மாத்திரையும் டானிக்கும் நம் குடும்பங்களுக்குப் புதியன அல்ல. அவற்றை எப்போது கொடுக்க வேண்டும், எப்போது மருத்துவரைக் கேளாமல் கொடுக்கலாகாது என்பதை அறிய விரும்புவோர் இப்போரின் முறையை அறிந்திருத்தல் நலம்.

1. இரும்பின் இயல்பு

சில ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் இறைத்தவுடன் தெளிவாக இருக்கும். தொட்டியில் சிறிது நேரம் நின்றால் பழுப்பேறும். அடியில் செம்மண் போன்ற வண்டல் படியும். உழவர் பலர் இதனைக் கண்டிருப்பர். நிலத்தடியில் காற்றுப் படாமலிருந்த இரும்பு நீரில் கரைந்திருந்தது. அதற்கு பெரஸ் நிலை என்று பெயர். மேலே வந்து காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடியவுடன் அது பெரிக் நிலையை அடைந்து, கரையாத துருவாகி, அடியில் தங்கிவிட்டது.

இவ்வாறு ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு எளிதில் மாறக்கூடிய தன்மையால்தான் இரும்பு உயிர்களுக்கு இன்றியமையாததாயிற்று. நிலை மாறும்போது அது எலெக்ட்ரான் ஒன்றைக் கொடுக்கிறது அல்லது வாங்குகிறது. உணவிலிருந்து ஆற்றலைப் பெறுவதற்கும், உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் மரபுப் பொருளைப் படியெடுப்பதற்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் வேண்டும். மனிதனுக்கும் நெற்பயிருக்கும் பாக்டீரியாவுக்கும் இது பொது. லைம் நோயை உண்டாக்கும் கிருமி இரும்பை விடுத்து மாங்கனீசைக் கொண்டு காலந்தள்ளுகிறது. அத்தகையன மிகச் சிலவே.

ஆனால் காற்றும் நீரும் உள்ள இடத்தில் இரும்பு பெரிக் நிலையிலேயே நிற்கிறது. அந்நிலையில் இயல்பான நீரில் கரைந்து நிற்கக்கூடிய இரும்பு, பாக்டீரியாவின் வளர்ச்சிக்கு வேண்டிய அளவில் நூறு கோடியில் ஒரு பங்கினும் குறைவு. பூமியில் எங்கும் நிறைந்த பொருளாக இருந்தும், எடுத்துண்ணக் கிடைக்காத பொருளாக இரும்பு இருக்கின்றது.

2. உடம்பின் இரும்புக் கணக்கு

சங்கத்தின் சரக்கிருப்புக் கணக்கைப் பார்ப்பது போல் நம் உடம்பின் இரும்புக் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் உடம்பில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம் வரையே. ஒரு சிற்றாணியின் எடை என்னலாம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருளில் இருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி, கல்லீரல் முதலிய இடங்களில் பெரிட்டின் என்னும் புரதத்துக்குள் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. ஒரு பெரிட்டின் மூலக்கூறு உட்குழிவான உருண்டை போன்றது. அதனுள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும்.

நாள்தோறும் உணவிலிருந்து வரவாகும் இரும்பு 1 அல்லது 2 மில்லிகிராமே. செலவும் ஏறக்குறைய அவ்வளவே. மாதவிடாய்க் காலத்திலும் பேற்றுக் காலத்திலும் பெண்களுக்குச் செலவு மிகும். ஆயின் புதிய சிவப்பணுக்களை உண்டாக்க நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. இத்தேவையை உடம்பு பழைய இருப்பைக் கொண்டே ஈடுசெய்கிறது. 120 நாள் உழைத்து முதுமையெய்திய சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் உட்கொண்டு, அவற்றின் இரும்பைப் பிரித்தெடுத்து மீண்டும் சுற்றுக்கு அனுப்புகின்றன. இதில் சிறிதும் வீணாவதில்லை.

இங்கு ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மிகையான இரும்பை வெளியேற்றுவதற்கென உடம்பில் தனி வழி கிடையாது. வரும் வாயிலைக் குறுக்கித்தான் அளவைக் காக்க முடியும்.

ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு இரத்தத்தின் வழியாக இரும்பைச் சுமந்து செல்வது டிரான்ஸ்பெரின் என்னும் புரதம். ஒரு மூலக்கூற்றில் இரும்பு அணுக்களுக்கு இரண்டு இடங்கள் உள்ளன. உடல்நலம் உள்ளவரிடத்தில் இவ்விடங்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே நிரம்பியிருக்கும், எஞ்சியவை வெற்றிடங்கள். பாதி வண்டி காலியாக ஓடுவதைச் சிக்கனக் குறைவு என்று எண்ணிவிடலாகாது. எங்கேனும் ஓர் இரும்பு அணு சிந்தினால் உடனே அள்ளிக்கொள்ளும் பொருட்டே அவ்விடங்கள் காலியாக உள்ளன. ஆகவே இரத்தத்தில் கேட்பாரற்றுத் திரியும் இரும்பு இல்லையென்றே சொல்லலாம்.

3. முட்டை வெண்கரு கற்பித்த பாடம்

கோழி 21 நாள் அடைகாக்கிறது. அத்தனை நாளும் முட்டை கதகதப்பாகவே இருக்கிறது. கிருமிகள் பெருகுவதற்கு அதனினும் ஏற்ற சூடு வேறில்லை. ஓட்டிலோ நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவ்வாறிருந்தும் நல்ல முட்டை அழுகிவிடுவதில்லை. ஏன்?

1944ஆம் ஆண்டில் ஷேட், கரோலின் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் இவ்வினாவுக்கு ஒரு விடை கண்டனர். பச்சை முட்டையின் வெண்கருவைக் கிருமி வளர்க்கும் கரைசலில் சேர்த்தால், சீதபேதிக் கிருமியும் வேறு சில கிருமிகளும் வளராமல் நின்றன. அக்கரைசலில் பலவகை ஊட்டப் பொருள்களையும் தாதுக்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தனர். இரும்பைச் சேர்த்தபோது மட்டுமே கிருமிகள் மீண்டும் வளர்ந்தன. வெண்கரு நஞ்சூட்டிக் கொல்லவில்லை. இரும்பைப் பற்றிக்கொண்டு பட்டினி போட்டது. அதற்குக் காரணமான புரதம் வெண்கருவில் உண்டு என்பதும், அதனையொத்த புரதம் மனித இரத்தத்திலும் உண்டு என்பதும் அவர்கள் ஆராய்ச்சியால் வெளியாயின. இரண்டாவது செய்தியை அவர்கள் 1946இல் வெளியிட்டனர். அந்த இரத்தப் புரதமே நாம் மேலே கண்ட டிரான்ஸ்பெரின்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு புரதம் லாக்டோபெரின். இது கண்ணீரிலும் உமிழ்நீரிலும் பாலிலும் உள்ளது. புண்பட்ட இடத்துக்கு ஓடிவரும் வெள்ளணுக்களும் இதனைச் சுமந்து வருகின்றன. மகப்பேற்றுக்குப் பின் முதலில் சுரக்கும் தாயின் சீம்பாலில் லாக்டோபெரின் பின்னர்ச் சுரக்கும் பாலில் உள்ளதைவிட மிகுதியாக உண்டு. சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிடும் பழக்கம் எங்கேனும் இருக்குமாயின் அஃது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

4. காய்ச்சலின்போது கிடங்கு அடைபடுதல்

அமைதிக் காலத்துப் பாதுகாப்பு இது. கிருமி புகுந்துவிட்டால் உடம்பு அடுத்த நடவடிக்கையை மேற்கொள்கிறது. கல்லீரல் ஹெப்சிடின் என்னும் ஒரு சிறு புரதத்தை இரத்தத்தில் விடுகிறது. வெறும் 25 அமினோ அமிலங்களால் ஆன இப்பொருள் 2000ஆம் ஆண்டையொட்டித்தான் கண்டறியப்பட்டது; அது வேலை செய்யும் முறை 2004இல் விளங்கிற்று.

குடலின் உயிரணுக்களிலும், பழைய சிவப்பணுக்களை உண்ட விழுங்கணுக்களிலும் இரும்பு வெளியேறுவதற்கென ஒரு வாயில் இருக்கிறது. ஹெப்சிடின் அவ்வாயிலைப் பற்றி அழித்துவிடுகிறது. அதனால் உணவின் இரும்பு குடற்சுவரிலேயே தங்கிப்போகிறது. விழுங்கணுக்களின் இரும்பும் உள்ளேயே அடைபடுகிறது. சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு வீழ்கிறது. கலகக் காலத்தில் சங்கக் கிடங்கை அடைத்துச் சரக்கை உள்ளே வைத்துக் காப்பது போன்ற செயல் இது.

எனவே, காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தைச் சோதிக்கும்போது ஓடும் இரும்பு குறைந்திருந்தால், அதனை உடனே இரும்புக் குறைவு என்று முடிவு செய்தல் கூடாது. இரும்பு உடம்பை விட்டுப் போகவில்லை; அது கிடங்கில் இருக்கிறது. நோய் நெடுநாள் நீடித்தால் இவ்வடைப்பே ஒருவகைச் சோகையை உண்டாக்கும். அதற்குரிய மருத்துவம் முதலில் அந்நோயைத் தீர்ப்பதேயாம்.

5. கிருமிகளின் மூன்று வழிகள்

இத்தனை காவல் இருந்தும் கிருமிகள் பெருகுவது எவ்வாறு? இரும்பின் பஞ்சமே அவற்றுக்கு ஓர் அறிகுறியாக அமைகிறது. இரும்பு அருகியிருப்பதைக் கொண்டு, தாம் ஓர் உயிரின் உடம்புக்குள் வந்துவிட்டதைப் பல கிருமிகள் உணர்கின்றன. உடனே தம் படைக்கலங்களை எடுக்கின்றன. தொண்டை அடைப்பான் நோயின் கிருமி, இரும்பு குறைந்த இடத்தில்தான் தன் கொடிய நஞ்சை மிகுதியாக உண்டாக்குகிறது என்பது 1936ஆம் ஆண்டிலேயே காணப்பட்டது. இரும்பைப் பெற அவை கையாளும் வழிகள் மூன்று.

முதல் வழி, இரும்பு சுமப்பானை அனுப்புதல். எலுமிச்சைச் சாறு துருவைப் பற்றுவது போல் இரும்பைப் பற்றும் சிறு மூலக்கூறுகளைப் பல பாக்டீரியாக்கள் தாமே செய்து வெளியே விடுகின்றன. இவற்றுக்கு சிடரோபோர் என்று பெயர். இரும்பைச் சுமப்பது என்பது இக்கிரேக்கச் சொல்லின் பொருள். குடலில் வாழும் ஈகோலை முதலிய பாக்டீரியாக்கள் செய்யும் என்டரோபாக்டின் என்னும் சிடரோபோர் 1970இல் கண்டறியப்பட்டது. சிட்ரிக் அமிலத்தின் பிடியைப் பன்மடங்கு மிஞ்சியது இதன் பிடி. டிரான்ஸ்பெரினிடமிருந்தே இஃது இரும்பைப் பறித்துவிடும். இரும்பை ஏந்திய சுமப்பானைக் கிருமி தன் மேலுறையில் உள்ள தனி வாயிலின் வழியே உள்ளே இழுத்து, அதனை உடைத்து, இரும்பை எடுத்துக்கொள்கிறது.

காசநோய்க் கிருமியும் இவ்வினத்து மைக்கோபாக்டின் என்னும் பொருளைச் செய்கிறது. கால்நடை வளர்ப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்று இங்குண்டு. மாடுகளுக்குத் தீராக் கழிச்சலையும் மெலிவையும் உண்டாக்கும் ஜோனி நோயின் கிருமி, காசநோய்க் கிருமிக்கு உறவுடையது. ஆராய்ச்சிக் கூடத்தில் அதனை வளர்க்க முயன்றபோது அது வளரவில்லை. 1912ஆம் ஆண்டையொட்டி, அதன் உறவினமான வேறொரு கிருமியின் சாரத்தைச் சேர்த்தவுடன் அது வளரத் தொடங்கிற்று. அச்சாரத்தில் இருந்த பொருள் மைக்கோபாக்டினே என்பது பின்னர்த் தெரிந்தது. இன்றும் ஜோனி நோய்க் கிருமியை வளர்ப்போர் மைக்கோபாக்டினைச் சேர்த்தே வளர்க்கின்றனர்.

இரண்டாம் வழி, சுமைகாரனையே வழிமறித்தல். மூளையுறைக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமியும் வெட்டை நோய்க் கிருமியும் டிரான்ஸ்பெரினைத் தம் மேலுறையிலேயே பற்றிக்கொண்டு அதிலுள்ள இரும்பைக் கழற்றிக்கொள்கின்றன. இவற்றின் கைக்குப் பொருந்துவது மனித டிரான்ஸ்பெரினே. மற்ற விலங்குகளின் டிரான்ஸ்பெரின் பொருந்துவதில்லை. இந்நோய்கள் மனிதரை மட்டுமே பற்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மூன்றாம் வழி, கருவூலத்தையே உடைத்தல். உடம்பின் இரும்பில் பெரும்பகுதி சிவப்பணுக்களில் உள்ளது என்று கண்டோம். சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமி, சிவப்பணுக்களைத் துளைத்து உடைக்கும் நஞ்சுகளை விடுகிறது. அவற்றிலிருந்து சிந்தும் ஹீமோகுளோபினைத் தன் மேற்புறத்தில் பற்றி, இரும்பு பொதிந்த ஹீம் என்னும் பகுதியைக் கழற்றி, கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டு செல்கிறது.

6. உடம்பின் மறுசூழ்ச்சி

உடம்பும் வாளாவிருப்பதில்லை. வெள்ளணுக்கள் சிடரோகாலின் என்னும் புரதத்தை வெளியிடுகின்றன. அஃது, இரும்பை ஏந்தித் திரும்பும் என்டரோபாக்டினை இடைவழியிலேயே கைப்பற்றிவிடும். இப்புரதம் இல்லாமற் செய்யப்பட்ட எலிகள் ஈகோலைக் கிருமிக்கு எளிதில் இரையாயின என்பதை 2004இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

இதற்கும் கிருமிகளிடம் மாற்று இருக்கிறது. சால்மோனெல்லா இனத்துக் கிருமிகள் என்டரோபாக்டினோடு சர்க்கரை மூலக்கூறுகளைப் பிணைத்து அதன் வடிவத்தை மாற்றிவிடுகின்றன. மாற்றிய வடிவம் சிடரோகாலினின் பிடிக்குள் அடங்குவதில்லை. மேலும், டைபாய்டுக் கிருமியும் காசநோய்க் கிருமியும் விழுங்கணுக்களுக்குள்ளேயே குடிபுகுவன. அஃதாவது கிடங்குக்குள்ளேயே புகுந்திருக்கும் கள்வர். அவ்விடத்தும், கிருமி அடைபட்டுள்ள சிற்றறையிலிருந்து இரும்பை வெளியேற்றி அதனைப் பட்டினி போட விழுங்கணு முயல்கிறது. பூட்டும் கள்ளச் சாவியும் மாறி மாறித் திருத்தம் பெறுவது போன்றது இப்போர்.

7. காவல் தளர்ந்த இடத்தில் நேர்ந்தது

இரும்பின் காவல் எத்துணை முக்கியமானது என்பதை அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2009ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு துயர நிகழ்ச்சி காட்டுகிறது. அங்கு ஓர் ஆராய்ச்சியாளர் பிளேக் கிருமியைப் பற்றி ஆராய்ந்து வந்தார். அவர் கையாண்டது கொடிய கிருமியன்று. வலுவிழக்கச் செய்யப்பட்ட வகை. பிளேக் கிருமி இரும்பைப் பறிக்கப் பயன்படுத்தும் முக்கியமான சிடரோபோரை இவ்வகையால் செய்ய இயலாது. ஆகவே மனித உடம்பில் அதனால் பெருக முடியாது என்று கருதப்பட்டது. அவ்வாறிருந்தும் அவர் அக்கிருமியாலேயே நோயுற்று, மருத்துவமனையில் சேர்ந்த அன்றே இறந்தார்.

இறந்தபின் நடந்த சோதனையில் அவருக்கு ஹீமோகுரோமடோசிஸ் என்னும் மரபுக் குறை இருந்தது வெளியாயிற்று. இக்குறையுள்ளவருக்கு ஹெப்சிடின் போதிய அளவு சுரவாமையால் குடல் அளவின்றி இரும்பை ஏற்றுக்கொண்டேயிருக்கும். ஆண்டுக்கணக்கில் அஃது உடம்பில் குவியும். டிரான்ஸ்பெரினின் வெற்றிடங்கள் நிரம்பிவிடும். இரும்பைப் பறிக்கத் தெரியாத கிருமிக்கு, பறிக்காமலே இரும்பு கிடைத்திருக்கக் கூடும் என்று அந்நிகழ்ச்சியை ஆராய்ந்தோர் கருதினர். இரும்பு மிகுந்த எலிகளில் பின்னர் நடத்திய சோதனைகள் இக்கருத்துக்குத் துணை நின்றன.

தலசீமியா நோயுள்ள குழந்தைகளின் நிலையும் இங்கு நினைக்கத்தக்கது. அவர்களுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒரு புட்டி இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு உள்ளது. வெளியேற வழியில்லாமையால் அது குவிகிறது. அதனை வெளியேற்ற 1960களிலிருந்து வழங்கிவரும் டெஸ்பெரிஆக்ஸமின் என்னும் மருந்து, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் செய்யும் சிடரோபோரே. கிருமிகளின் கருவியையே மனிதன் மருந்தாக்கிக்கொண்டான். ஆயினும் எர்சினியா இனத்துக் குடற்கிருமி ஒன்று, இம்மருந்து ஏந்திய இரும்பையும் எடுத்துக்கொள்ள வல்லது. அதனால் இம்மருந்தை உட்கொள்வோருக்குக் காய்ச்சலும் வயிற்று நோவும் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

8. இரும்பு மருந்து யாருக்கு, எப்போது?

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டு, இரும்பு மாத்திரையே தீங்கு என்று எவரேனும் எண்ணிவிடுவாராயின் இப்பாடம் நன்மைக்கு மாறாகத் தீமையே செய்ததாகும். சோகை கொடியது. கருவுற்ற பெண்ணின் உயிருக்கும் பிறக்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும் அஃது ஊறு செய்யும். உழைப்பவரின் வலிமையைக் குறைக்கும். இரும்பு மிகக் குறைந்தால் உடம்பின் நோயெதிர்ப்பும் தளரும். இந்தியாவில் கருவுற்ற பெண்களுக்கு நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை 180 நாள் கொடுப்பது அரசின் திட்டம். அதனை முறையாக உட்கொள்ளுதல் கடமை.

ஆயின் காலமும் இடமும் அறிதல் வேண்டும். 1978ஆம் ஆண்டில் சோமாலிய நாடோடி மேய்ப்பரிடையே நடந்த ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. இரும்புக் குறைவுள்ள நூற்றுக்கு மேற்பட்டோரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு இரும்பும் மறு பகுதிக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்தனர். போலி மருந்து உண்டோரிடையே 7 முறையும், இரும்பு உண்டோரிடையே 36 முறையும் தொற்று நோய்கள் தோன்றின. உறங்கிக் கிடந்த மலேரியா, காசநோய் முதலியன இரும்பு கிடைத்ததும் தலைதூக்கின.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள பெம்பாத் தீவில் மலேரியா மிகுதியாக இருந்த காலத்தில், பல்லாயிரம் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் போலிக் அமிலமும் கொடுத்து நடத்திய பேராராய்ச்சியின் முடிவு 2006இல் வெளிவந்தது. இரும்பு பெற்ற குழந்தைகளிடையே இறப்பும் மருத்துவமனையில் சேரும் அளவுக்குக் கடும் நோயும் சேர்ந்து நூற்றுக்கு 12 பங்கு மிகுந்திருந்தமையால், இரும்பு கொடுத்தல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மலேரியாவை உண்டாக்குவது பாக்டீரியா அன்று. வேறு வகை ஒட்டுண்ணி. ஆயினும் இரும்பின் மேல் அதற்கும் வேட்கை உண்டு. இதே ஆராய்ச்சியின் ஒரு பகுதியில், மெய்யாகவே இரும்புக் குறைவும் சோகையும் கொண்டிருந்து, மலேரியாவுக்குத் தக்க மருத்துவமும் பெற்ற குழந்தைகளுக்கு இரும்பு நன்மையே செய்தது என்பதையும் மறத்தலாகாது. மலேரியா மிகுந்த நாடுகளில், அந்நோயைத் தடுக்கவும் தீர்க்கவும் ஏற்பாடு செய்துகொண்டே குழந்தைகளுக்கு இரும்பு கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வகுத்த நெறியும் இதனையொட்டியதே.

ஆகவே அங்கத்தினர் நினைவில் கொள்ள வேண்டியவை இவை. சோகை என்று சோதனையால் தெரிந்தவரும், கருவுற்ற தாய்மாரும், திட்டப்படி மாத்திரை பெறும் பெண்களும் இரும்பை விடாது உட்கொள்ள வேண்டும். கடுங்காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, நிமோனியாவோ கண்ட குழந்தைக்கு அந்நாள்களில் இரும்பு மருந்தை நிறுத்தி வைத்து, நோய் தீர்ந்தபின் தொடர வேண்டும். இந்திய அரசின் திட்ட நெறியும் இவ்வாறே கூறுகிறது. காய்ச்சலில் வெளுத்துச் சோர்ந்திருப்பவருக்குத் தெம்பு வரட்டும் என்று கடையில் டானிக் வாங்கிப் புகட்டுதல் கூடாது. கருவுற்ற பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையைத் தாமே நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டு நடக்க வேண்டும். அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்வோரும் மருத்துவர் சொல்லாமல் இரும்பைத் தொடலாகாது. கீரை, பயறு, கேழ்வரகு, மீன் முதலிய நாள்தோறும் உண்ணும் உணவைக் குறித்து அச்சம் வேண்டியதில்லை.

9. வயலிலும் மருந்திலும்

இந்தப் போர் மண்ணிலும் நடக்கிறது. விதை நேர்த்திக்குப் பயன்படும் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் பொடியை நம் விவசாய அங்கத்தினர் நன்கறிவர். ஒரு கிலோ நெல் விதைக்கு 10 கிராம் என்பது பரிந்துரை. அந்த நன்மை செய்யும் பாக்டீரியா மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும் சிடரோபோரைச் செய்து, வேரைச் சுற்றியுள்ள இரும்பைத் தான் பற்றிக்கொள்கிறது. பயிர் நோய்க் கிருமிகள் இரும்பின்றி ஒடுங்குகின்றன. இவ்வினத்தால் பயிர் செழிப்பதற்கு இதனைக் காரணமாகக் காட்டிய ஆராய்ச்சி 1980இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. நோயைத் தடுக்கும் அதன் வழிகளுள் இதுவும் ஒன்று.

மருத்துவத்திலும் இவ்வறிவு பயன்படுகிறது. பழைய மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் சில பெருகிவருகின்றன. அவற்றின் மேலுறைக்குள் மருந்து நுழைவதே அரிது. ஜப்பானியர் ஆக்கிய செபிடெரோகால் என்னும் மருந்து, சிடரோபோரைப் போல் இரும்பைப் பற்றும் பகுதியைத் தன்னோடு கொண்டது. கிருமி அதனைத் தன் இரும்பு சுமப்பான் என்று எண்ணித் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே சென்ற மருந்து கிருமியின் சுவரைக் கட்டவொட்டாமல் தடுத்து அதனை அழிக்கிறது. இம்மருந்து 2019இல் அமெரிக்க நாட்டில் அனுமதி பெற்றது. கள்வன் தனக்கென வைத்திருந்த வாயிலே அவனைப் பிடிக்கும் வழியாயிற்று.

பாடத்தின் சாரம்

இரும்பு எவ்வுயிர்க்கும் வேண்டியது, ஆயின் கரையாதது. உடம்பு அதனை ஹீமோகுளோபினிலும் பெரிட்டினிலும் டிரான்ஸ்பெரினிலும் பூட்டி வைக்கிறது. காய்ச்சலின்போது ஹெப்சிடினைக் கொண்டு வாயிலையும் அடைக்கிறது. கிருமிகள் சிடரோபோரை அனுப்பியும், டிரான்ஸ்பெரினை மறித்தும், சிவப்பணுவை உடைத்தும் இரும்பைப் பெறுகின்றன. இரும்பு மருந்தை வேண்டியவருக்கு விடாது கொடுப்பதும், கடும் நோயின்போது மருத்துவரைக் கேளாது கொடாமலிருப்பதும் நம் கடமையாகும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கச் சில வினாக்கள்

1. துருக்கறையை எலுமிச்சைச் சாறு நீக்குவதற்கும் கிருமி இரும்பைப் பெறுவதற்கும் உள்ள ஒற்றுமை யாது?

2. டிரான்ஸ்பெரினின் இடங்களுள் பெரும்பகுதி வெற்றிடமாக இருப்பதால் உடம்புக்கு என்ன நன்மை?

3. காய்ச்சலின்போது இரத்தத்தில் இரும்பு குறைவது நோயின் தீங்கா, உடம்பின் காவலா? காரணம் கூறுக.

4. நம் ஊரில் இரும்பு மாத்திரை பெறும் தாய்மார் அதனை முழுமையாக உட்கொள்கின்றனரா? இல்லையெனில் தடை யாது? அதனை நீக்கச் சங்கம் செய்யக்கூடியது என்ன?